முள் ஏறாத டயர்

மதகைத் தாண்டியதும் பின் சக்கரத்தில் காற்றுப் போனது. தனுஷியா இறங்கினாள்.

ரோட்டின் ஒரு பக்கம் வாவி, ஊர்க்காரருக்கு ஆறு. மறுபக்கம் வட்டை, ஊரின் வயல்வெளி. நெல் கதிர் தள்ளி, பால் பிடித்துக்கொண்டிருந்தது. சூரியன் வயலின் கடைசி வரம்பைத் தொட இன்னும் கொஞ்சம் இருந்தது. மழை பெய்து ரோட்டின் நடுவெல்லாம் சேறு. அவள் சைக்கிளை ஓரத்துக்கு எடுத்து, உருட்டிக்கொண்டு நடந்தாள். ஓரம் காய்ந்திருந்தது. அங்கங்கே வைக்கோல் பரப்பியிருந்தார்கள். அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தது. வைக்கோல் எங்கிருந்து வந்தது என்று நினைத்தாள். காலில் சேறு படாமல் இருந்ததால் அதை மேலும் நினைக்கவில்லை.

சந்தியில் அவளுடைய கணவன் வினோஜன் நின்றான். அவளைக் கண்டதும் ஓடி வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தான்.

"ஓரத்தாலயா வந்த?"

"நடுவில சேறு."

அவன் ரோட்டில் குந்தினான். அவளுடைய செருப்பைக் கழற்றச் சொல்லி வாங்கி, திருப்பி, அடிப்பக்கத்தை விரலால் தடவினான். மற்றதையும் வாங்கிப் பார்த்தான்.

"என்ன பாக்கிறீங்க?"

"ஒண்டுமில்ல."

வீட்டில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தபோது குமிழி வந்த இடத்தில் உடைமுள் ஒன்று இருந்தது. சாதாரண முள். அதைக் கண்டதும் வினோஜனின் தோள்கள் இறங்கின. ஒட்டுப் போட்டுவிட்டு, டயர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றான். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாள். அடுத்த மாதம் இல்லை, இந்தச் சனிக்கிழமையே என்றான்.

"நல்ல டயரா வாங்கு. முள்ளு ஏறாததா. ரோட்டு நடுவால ஓடு. சேறெண்டாலும் நடுவால. என்ன நடந்தாலும் அந்தத் துண்டில இறங்காத."

அவள் சிரித்தாள். கலியாண மோதிரத்துக்குக்கூட இவ்வளவு யோசிக்காத மனிசன் டயருக்கு யோசிக்கிறார் என்றாள். அவன் சிரிக்கவில்லை.

தனுஷியா வாவிக்கு அக்கரையில், களுவாஞ்சிக்குடியில், ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிப்பவள். காலையில் சைக்கிளில் துறைக்குப் போவாள். அங்கிருந்து பாதை. இரண்டு படகைப் பிணைத்து மேலே பலகை அடித்த அந்த மிதவையை அந்தப் பகுதியில் பாதை என்றுதான் சொல்வார்கள். அது ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரையில் விடும். மாலையில் அதே பாதை, அதே ரோட்டு. பெற்றோல் இல்லாத வருசத்தில் கொழும்பிலிருந்து வந்த பழைய ஜப்பான் சைக்கிள் அவளுடையது. வளைந்த கைப்பிடி, மெல்லிய சக்கரம். ஒரு கையால் தூக்கிப் பாதையில் ஏற்றலாம். மற்ற எந்தச் சைக்கிளையும்விட வேகமாக ஓடும். பொழுது படுமுன் அந்தக் கிரவல் ரோட்டைத் தாண்ட அந்த வேகம் வேண்டும். வீட்டில் மோட்டார் சைக்கிள் இல்லை.

பொழுது பட்டால் அந்த ரோட்டு தனியனுடையது.

தனியன் என்றால் கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஆண் யானை. கதிர் பால் பிடித்ததும் வரும். போன போகத்தில் மதகடியில் ஒருவரை அடித்துக் கொன்றது. சைக்கிளில் வந்தவர். சங்கிலி கழன்று, மாட்டுவதற்காக இறங்கியவர். அதனால் இறங்காதே என்று வினோஜன் சொன்னது அவளுக்குப் புதிதாகப் படவில்லை. நடுவால் ஓடு என்றதுதான் விளங்கவில்லை. யானைக்கு நடுவென்ன, ஓரமென்ன.

இரண்டு கிழமைக்கு முன் வட்டவிதானை தங்கராசா ஆண்களையெல்லாம் அம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டிருந்தார். வட்டையில் எப்போது தண்ணீர் விடுவது, எப்போது வேலி அடைப்பது, யார் எந்த இரவு காவல் என்று சொல்பவர் அவர். பெண்களைக் கூப்பிடவில்லை. ஆண்கள் நெற்றி நிறையத் திருநீற்றோடு திரும்பினார்கள். என்ன கதைத்தீர்கள் என்று அவள் கேட்டாள். காவல் முறை என்றான் வினோஜன். அன்றிலிருந்து அவன் அவளுடைய காலைத்தான் பார்க்கிறான்.

சனிக்கிழமை அவள் பின் சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் காத்தான்குடிக்குப் போனாள். றமீஸின் கடையில் கூரையிலிருந்து ஜப்பான் சைக்கிள்கள் வௌவால் மாதிரித் தொங்கின. றமீஸ் பருத்த ஆள். சைக்கிள் விற்பவர், ஓடுவதில்லை. அதை அவரே முதலில் சொல்லிவிடுவார். எங்கே ஓடுகிறீர்கள், தார் ரோட்டிலா காட்டிலா என்று கேட்டார். இரண்டிலும் என்றாள்.

"அப்ப மிஸ்ஸுக்கு ரெண்டு சைக்கிள் வேணும்."

"ஒரு டயர் காணும்."

அவர் மேசையில் டயர்களைப் பரப்பினார். முதலாவது மெல்லியது. கையில் எடுத்தால் துணி மாதிரி மடிந்தது. இது பறக்கும், ஆனால் முள்ளைக் கண்டால் அழும் என்றார். இரண்டாவது அகலமானது. சக்கரத்தில் வைத்து, கடையில் தொங்கிய அதே வகைச் சைக்கிளில் பூட்டிப் பார்த்தார். பிரேக்கில் உரஞ்சியது. கழற்றி எறிந்தார். மூன்றாவது காற்றே இல்லாத, முழுக்க ரப்பரான டயர். பஞ்சர் என்ற கதையே இல்லை, ஆனால் கிரவலில் ஓடினால் கம்பி உடையும், முதுகும் உடையும். டியூபுக்குள் ஊற்றுகிற பால் ஒன்றும் இருந்தது. ஓட்டை விழுந்தால் அதுவே அடைக்கும். இந்த வெயிலில் அது எவ்வளவு நாளைக்குக் காயாமல் இருக்கும் என்று கேட்டாள். அதை அல்லாஹ்தான் அறிவான் என்றார்.

நாலாவதை அவர் கடைசியாகத்தான் எடுத்தார். கறுப்பு. தடித்தது. பார்ப்பதற்காக வெட்டிவைத்த துண்டு ஒன்றைக் காட்டினார். தரையில் படுகிற ரப்பருக்கும் உள்துணிக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு படை ஓடியது. முள் வந்தாலும் அந்தப் படையில் நிற்கும், டியூபைத் தொடாது.

"இது எரும மாடு, மிஸ். முள்ளுக் குத்தினாத் திரும்பியும் பாக்காது."

அவள் தூக்கிப் பார்த்தாள். பாரம்.

"மெதுவா ஓடுமா?"

"கொஞ்சம் இழுக்கும். என்ன மிஸ் அவசரம், வீட்ட ஆனையா காத்துக்கிட்டு நிக்கிது?"

"வீட்ட இல்ல. ரோட்டில."

றமீஸின் சிரிப்பு நின்றது. எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னாள். அவர் டயரின் விளிம்பை நகத்தால் சுரண்டினார்.

கணக்கு அவளுக்கு விளங்கியது. மெல்லிய டயர் போட்டால் சூரியன் வரம்பைத் தொடுமுன் கிரவலைத் தாண்டலாம். ஆனால் முள் ஒன்று ஏறினால் அங்கேயே இறங்க வேண்டும். தடித்த டயர் இறங்க விடாது. ஆனால் இருட்டு அவளுக்கு முன் வந்துவிடலாம். இரண்டில் எது மோசம் என்று யோசித்தாள். வினோஜன் அழுத்திச் சொன்னது வேகத்தைப் பற்றி அல்ல. இறங்காதே என்பதைத்தான்.

பின்னுக்குத் தடித்ததும் முன்னுக்கு மெல்லியதும் போட்டால் பாரம் குறையும் என்று றமீஸ் சொல்லிப் பார்த்தார். இரண்டுக்கும் தடித்ததையே கேட்டாள்.

"முள்ளுக்கு நிக்கும்," என்றார் சுற்றிக் கொடுக்கும்போது. "போத்தல் ஓட்டுக்கு நிக்கும். சாஞ்சு கிடக்கிற ஆணிக்கும் நிக்கும். நட்டுக்கு நிக்கிற ஆணிக்கு ஒரு டயரும் நிக்காது. பக்கவாட்டில கத்தி பட்டாலும் சரி."

"கத்தி ஏன் படுது?"

"படாது. எல்லாத்தையும் சொல்லிப்போடோணும். மறுகா என்னத்தான் ஏசுவாங்க."

டயரின் ஓரம் இரும்பு மாதிரி இருந்தது. சக்கரத்தில் ஏற்ற வினோஜன் ஒரு பின்னேரம் முழுக்கப் போராடினான். பெருவிரல்களில் தோல் உரிந்தது. ஏற்றி முடித்ததும் காற்று அடித்து, அமுக்கிப் பார்த்து, உள்ளங்கையால் சுற்றிவரத் தடவினான். வாங்கிய மாட்டைத் தடவுகிறவன் மாதிரி. அன்று இரவு ஒழுங்காகச் சாப்பிட்டான்.

டயர் இழுத்தது. ஆய்வுகூடத்திலிருந்து முந்திப் புறப்பட வேண்டியிருந்தது. முந்திய பாதையைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. சந்திக் கடையில் நின்றவர்கள், மிஸ் சைக்கிளுக்கு லொறி டயர் போட்டிருக்கிறா, இனி நெல்லு ஏத்தலாம் என்றார்கள். அவள், உங்களையும் ஏத்தலாம், ஆனால் டயர் தாங்காது என்றாள். கடை சிரித்தது. மூலை வாங்கில் இருந்த தங்கராசா மட்டும் சிரிக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். குனிந்து டயரைப் பார்த்தார்.

"நல்லமா புள்ள?"

"நல்லம்."

"நல்லம். நடுவால ஓடு."

அவள் மிதித்துக்கொண்டு போனாள். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அந்தச் சொல் உறைத்தது. வினோஜனின் சொல். அப்படியே.

பிறகு சில இரவுகள் வட்டையில் வெடிச் சத்தம் கேட்கவில்லை. யானைக்கு விடுகிற வெடி ஒரு பெட்டி கூடத் தீரவில்லை என்று காவலுக்குப் போனவர்கள் சொன்னார்கள். தனியன் வரவில்லை. ஊர் நன்றாக உறங்கியது. கதிர் முற்றத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரி கண்ணகை, கோயில் அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். தனுஷியாவுக்கும் கொடுத்தாள். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்றாள்.

ரோட்டில் ஒன்று மட்டும் மாறியிருந்தது. மதகுக்கு அருகே, வாவிக் கரையில் ஆளுக்கு மேல் வளர்ந்த பன்புல்லுக்குள் காகங்கள் இறங்கி ஏறின. இறங்கிய இடம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளி இருந்தது.

ஒரு மாலை, மதகைத் தாண்டும்போது, முன் சக்கரம் டிக் என்றது. ஒரு சுற்று. மறுபடி டிக். டயரில் எதுவோ ஏறி, சுற்றும்போது ரோட்டில் அடிக்கிறது. அவள் இறங்கவில்லை. காற்றுப் போகும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு மிதித்தாள். டிக். டிக். காற்றுப் போகவில்லை. பன்புல்லுக்குள்ளிருந்து ஒரு நாற்றம் வந்தது. செத்த மீன் என்று நினைக்கப் பார்த்தாள். அது செத்த மீன் இல்லை. அந்த நாற்றத்தை அவளுக்குத் தெரியும். சீழ் எடுத்து அனுப்புகிற போத்தல்களைத் திறக்கும்போது வருவது.

வீட்டில் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஆணி. கொக்கி மாதிரி வளைந்து, சாய்வாக டயருக்குள் ஏறி, மஞ்சள் படையில் நின்றிருந்தது. றமீஸ் பொய் சொல்லவில்லை. குறட்டால் இழுத்தாள். ஆணியின் தலையோடு ஒரு மரச்சிம்பும் வந்தது. நுனி கறுத்திருந்தது. துரு என்று யாரும் சொல்லலாம். அவள் சொல்லவில்லை.

கடதாசியில் சுற்றி மறுநாள் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனாள். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம், அந்தக் கறுப்பைச் சுரண்டி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கண்ணாடியில் தடவி, நுணுக்குக்காட்டியில் வைத்தாள். பாதி உடைந்த சிவப்பணுக்கள். நடுவில் கரு இல்லை. ஆகவே பறவை இல்லை, பாம்பு இல்லை, மீன் இல்லை. சுற்றிவரச் சீழின் வெள்ளை அணுக்கள். மாடாக இருக்கலாம். மனிதனாக இருக்கலாம். ஊரில் காலில் கட்டோடு ஒரு மனிதனும் இல்லை, ஒரு மாடும் இல்லை.

அன்று மாலை ஆணியை வினோஜனின் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் கையைக் கோப்பையிலிருந்து எடுத்தான்.

"பலகையில அடிச்சு வெச்சிருக்கீங்க," என்றாள். "வைக்கலால மூடி. ஓரத்தில."

அவன் விரலில் ஒட்டிய சோற்றைக் கோப்பை விளிம்பில் வழித்தான்.

"அது பலகைய மிதிச்சிருக்கு. மிதிச்சு இழுத்துக்கொண்டு போயிருக்கு. ரோட்டில ஆணி சிந்தியிருக்கு."

"அம்மனுக்கு முன்னால சத்தியம் பண்ணினது, தனு."

"எனக்கும் சொல்லக்கூடாதெண்டா?"

"பொஞ்சாதிக்கும் சொல்றல்ல எண்டுதான் சத்தியம்."

அவன் கை கழுவாமலே இருந்தான். வனசீவராசிகள் திணைக்கள ஆட்களிடம் எத்தனை முறை போய் நின்றோம் என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினான். மின்வேலி வரும் வரும் என்றார்கள். போன போகத்தில் பாதி வயல் போனது. ஓர் உயிரும் போனது. பலகை வைத்தது ஊர் முழுக்க. ஒருவன் சொன்னால் எல்லாரும் மறியலில் கம்பி எண்ண வேண்டும். அதனால்தான் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்கினார் தங்கராசா. வாகனம் போகிறபடியால் நடுவை மட்டும் விட்டார்கள். அவனால் அவளுக்குச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். நடுவால் ஓடு. இறங்காதே. நல்ல டயர் வாங்கு.

"அது காட்டுக்குப் போகல்ல," என்றாள் தனுஷியா. "காடு தூரம். அந்தக் காலால போக ஏலாது. பன்புல்லுக்குள்ள நிக்குது. நான் தினமும் அதுக்குப் பக்கத்தால போறன்."

"தெரியும்."

"பலகை எங்கெங்க கிடக்கு?"

அவன் ஆணியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். எழுந்து காவலுக்குப் போனான்.

மறுநாள் வாடைக்காற்று. வாவி நரைத்துக் கிடந்தது. நடுவில் வரும்போது பாதையின் எஞ்சின் நின்றது. பாதைக்காரர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு மரக்கோல் போட்டார்கள். கரையில் ஏறும்போது சூரியன் இல்லை. மேற்கில் ஒரு சிவப்புக் கோடு மட்டும். அவளோடு இறங்கியவர்கள் மற்றப் பக்கத்து ஊர்க்காரர்கள். முச்சக்கர வண்டி ஒன்றில் ஏறிப் போய்விட்டார்கள். பாதை அதுதான் கடைசி.

துறையில் இரவு தங்க இடமில்லை. அவள் டயர்களை அமுக்கிப் பார்த்தாள். இரண்டும் கல் மாதிரி இருந்தன. மிதித்தாள்.

நாற்றம்தான் முதலில் வந்தது. பிறகு மதகடியில், ரோட்டின் நடுவில், இருட்டு தடித்திருந்த இடம் அசைந்தது.

அவள் பிரேக்கை அழுத்தினாள். ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றினாள். இறங்கவில்லை. அது அவளுக்குப் பக்கவாட்டாக நின்றது. மூன்று காலில். முன் வலக்காலை மடித்துப் பிடித்திருந்தது. பாதம் நெல்மூட்டை மாதிரி வீங்கியிருந்தது. அதில் பலகைத் துண்டு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. யானை மூச்சு விடும் சத்தம் கேட்டது. காய்ச்சல்காரன் மூச்சு.

நடுவில் அது நின்றது. ஓரத்தில் பலகை கிடந்தது. பின்னால் வாவி.

கைபேசியை எடுத்தாள். வினோஜன் உடனே எடுத்தான். வயலில் காவல் பரணில் இருந்தான், சுற்றிவர ஆண்களின் பேச்சு. அவன் ஏதோ சைகை காட்டியிருக்க வேண்டும், பேச்சு அடங்கியது.

"எங்க நிக்கிற?"

"மதகடியில. நடுவில அது நிக்குது. ஓரத்தாலதான் வரோணும். எந்த ஓரம்?"

காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவனுக்குப் பக்கத்தில் யாரோ அவன் பெயரைச் சொன்னது கேட்டது. வினோஜன். அவ்வளவுதான். தங்கராசாவின் குரல். அதட்டல் இல்லை. நினைவூட்டுகிற குரல்.

யானை தலையைத் திருப்பியது. காதுகள் விரிந்தன.

"நீங்க சொல்லாட்டி நான் ஏதாவதொண்டால வாறன்."

"ஆத்துப் பக்கம்," என்றான் வினோஜன். "ரெண்டு பக்கமும் கிடக்கு. ஆத்துப் பக்கம் மதகுக் கட்டோட ஒட்டி ஒரு முழம் விட்டிருக்கு. கட்டத் தொட்டுக்கொண்டு வா. விலகாத."

அவள் கைபேசியைச் சட்டைக்குள் போட்டாள். மிதித்தாள். பாரமான டயர் மெதுவாகத்தான் வேகம் எடுத்தது. மதகுக் கட்டில் முழங்கால் உரசியது. வைக்கோலின் விளிம்பு சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓடியது. உடைந்த கல், போத்தல் ஓடு, முள் எல்லாம் டயருக்குக் கீழே நொறுங்கின. மறுபக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், அது. வீங்கிய காலை ஊன்றப் பார்த்தது. முடியவில்லை. தும்பிக்கை அவளுடைய முதுகுக்குப் பின்னால் காற்றை அடித்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது கோபமோ வேறெதுவோ அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

சந்தியில் ஆண்கள் நின்றார்கள். பரணிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். வினோஜன் தனியாக நின்றான். அவனுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற இடைவெளி இருந்தது. யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தங்கராசா வந்து குனிந்து, முன் டயரை இரு விரலால் அமுக்கினார்.

"நல்ல டயர்."

அவள் கைபேசியை எடுத்தாள். அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, வனசீவராசிகள் அலுவலகத்துக்கு எடுத்து, இடத்தைச் சொன்னாள். யானையின் காலைச் சொன்னாள். பலகையைச் சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள். வைத்தவர் பெயர் ஒன்றையும் சொல்லவில்லை.

"நான் சத்தியம் பண்ணல்ல," என்றாள், யாரையும் பார்க்காமல்.

தங்கராசா தலையாட்டினார். அது நியாயம்தான் என்பது மாதிரி.

அதிகாரிகள் அடுத்த நாள் ஜீப்பில் வந்தார்கள். ரோட்டோரத்து வைக்கோலை விலக்கிப் பார்த்தார்கள். வைக்கோலுக்குக் கீழே மண்தான் இருந்தது. பலகை இருந்த தடம் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. கேட்டால் ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பன்புல்லுக்குள் இறங்கித் தேட முடியவில்லை, நெஞ்சளவு தண்ணீர். மிருக வைத்தியர் வெளியூரில், வந்ததும் கூட்டி வருகிறோம், அதுவரைக்கும் யாரும் அந்த ரோட்டால் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேறு ரோட்டு இல்லை.

அன்று கண்ணகை வேலிக்கு அப்பால் நின்று, அம்மன் சும்மா விடமாட்டாள் என்றாள். யாரை என்று தனுஷியா கேட்டாள். கண்ணகை உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சைக்கிள் தாழ்வாரத்தில், சங்கிலி போட்ட இடத்திலேயே நின்றது. கொஞ்சம் குள்ளமாக நின்றது. இரண்டு டயரும் வெட்டப்பட்டிருந்தன. பக்கவாட்டில், சக்கரத்தின் இரும்பை ஒட்டிச் சுற்றிவர. அவசரமில்லாத வெட்டு. கதிர் அறுக்கிற தாக்கத்தியாக இருக்கும். கைபழகிய ஆள். தரையில் படுகிற பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. மஞ்சள் படை அப்படியே இருந்தது.

வினோஜன் குந்தி வெட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். இன்றைக்குப் போகாதே என்றான். நாளைக்கு என்று அவள் கேட்டாள். இன்றைக்குப் போகாவிட்டால் அவள் பிறகு போகமாட்டாள். அது இருவருக்கும் தெரியும். வெட்டியவனுக்கும் தெரியும்.

அவள் இரண்டு சக்கரத்தையும் கழற்றினாள். பின்னேரம் றமீஸிடம் கொண்டுபோகலாம். அவருக்கு இன்னும் இரண்டு எருமை மாடு விற்கக் கிடைக்கும். சந்தியில் மோட்டார் சைக்கிள்கள் போயின. நடந்து போகிறவரை வழமையாக ஏற்றிக்கொண்டு போகிறவர்கள்தான். கண்டும் வேகத்தைக் குறைக்கவில்லை.

வினோஜன் வேலியிலிருந்து ஒரு நீளத் தடியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். கிரவல் தொடங்கும் இடத்தில் அவளை முந்தினான். தடியால் தரையைக் குத்திக் குத்தி நடந்தான். அவள் அவனுடைய காலடி பட்ட இடத்திலேயே கால் வைத்தாள். இரண்டு கையிலும் சக்கரம்.

"எடுத்த பலகைய எங்க வெச்சாங்க?"

"தெரியா," என்றான். "இப்ப என்னயச் சேக்கிறல்ல."

வெயில் ஏறவில்லை. வாவியில் மீன்காரரின் தோணி ஒன்றும் இல்லை. மதகு தெரிந்தது. அதற்கு மேல் காகங்கள்.

வினோஜன் நின்றான். தடியை உயர்த்திப் பிடித்தபடி நின்றான்.

இரண்டு ஓரமும் வெறுமையாகக் கிடந்தன. மண் மட்டும். வைக்கோல் அவர்களுக்கு முன்னால், மதகு வரைக்கும், ரோட்டின் நடுவில் பரப்பியிருந்தது. புது வைக்கோல். பனி இன்னும் அதில் காயவில்லை.

அவன் தடியை மெல்ல அதற்குள் விட்டான். மரத்தில் முட்டியது.

பக்கத்தில் பன்புல் அசைந்தது. காகங்கள் ஒன்றாக எழும்பின.